குட்டியின் கால் முறிவு: கட்டா, ஆபரேஷனா?

? எங்கள் 5 மாதச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி மீது நேற்று பைக் மோதிவிட்டது. பின்னங்காலில் தொடை எலும்பு முழங்காலுக்குச் சற்று மேலே உடைந்திருக்கிறது. கம்பி வைத்து ஆபரேஷன் செய்யவேண்டும் என்கிறார் டாக்டர். 'குட்டிதானே, கட்டுப் போட்டால் தானாகக் கூடிவிடும்' என்கிறார் மாமனார். எதைக் கேட்பது?
- வாசகி, சிவகாசி

டாக்டரை. எலும்பு கூடும் என்று மாமனார் சொல்வது உண்மைதான்; ஆனால் கோணலாகக் கூடும். முறிவுக்கு மேலும் கீழும் உள்ள இரண்டு மூட்டுகளும் அசையாமல் இருந்தால்தான் கட்டு பலிக்கும். தொடைக்கு மேல் இருப்பது இடுப்பு மூட்டு. அதைக் கட்டி நிறுத்த முடியாது. கட்டு வழுக்கி இறங்கி, அதன் எடையே முறிவை ஆட்டிக்கொண்டிருக்கும். இதே குட்டிக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்பு விலகாத வெறும் விரிசல் என்றால் மாவுக்கட்டே போதும்.

நீங்கள் சொல்லும் இடத்தில் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளமாக வளரும் பகுதி, இருக்கிறது. குருத்தெலும்பு என்பதால் அடிபட்டதும் அதுதான் முதலில் விட்டுப்போகும். முழங்கால் முனை பின்பக்கம் சரிந்துவிடும். அதை நேராக்கி, 1.5 அல்லது 2 மி.மீ. வழவழப்பான கம்பிகள் இரண்டை இரு பக்கத்திலிருந்தும் பெருக்கல் குறி போல ஏற்றுவார்கள். கம்பிகள் குறுக்கிடும் இடம் முறிவுக்கு மேலே அமையவேண்டும். முறிவிலேயே குறுக்கிட்டால் முனை திருகிக்கொள்ளும். மரை போட்ட கம்பி தட்டைக் கவ்விப் பிடித்து, மிச்ச வளர்ச்சியையும் நிறுத்திவிடும். அடிபட்ட வேகத்திலேயே தட்டு மூடிக்கொண்டு, கால் சற்றுக் குட்டையாவதும் உண்டு. மூட்டுகளைக் கொஞ்சம் நிமிர்த்தி வைத்து நாய் அதைச் சமாளித்துக்கொள்ளும்.

மயக்க மருந்துக்கு முன் நெஞ்சு எக்ஸ்-ரே எடுக்கச் சொல்லுங்கள், சிறுநீர் போகிறதா என்றும் பாருங்கள். வண்டி மோதினால் நுரையீரல் கன்றிப்போவது சகஜம். அதற்காக ஓரிரு நாள் காத்திருக்கலாம், வாரக்கணக்கில் கூடாது. குட்டிக்குப் புது எலும்பு மளமளவென்று முளைக்கும். அதைச் சுரண்டி நேராக்கும்போது தட்டு நொறுங்கும்.

ஆபரேஷனுக்குப் பிறகுதான் உங்கள் வேலை. தொடைத் தசை புது எலும்போடு ஒட்டிக்கொண்டால் கால் மடங்காமல் குச்சியாக நீட்டிக்கொள்ளும். முற்றிவிட்டால் சரிசெய்வது மிகக் கடினம். முழங்காலை நீட்டி வைத்துக் கட்டியே போட்டாலும் இதே கதிதான். முதல் 3 நாள் துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். டாக்டர் சரி என்றதும், ஒரு கை தொடையில், ஒரு கை கணுக்காலுக்கு மேலே பிடித்து, மெதுவாக மடக்கி நீட்டுங்கள்: 10 முதல் 15 தடவை, நாளுக்கு மூன்று வேளை. கத்தும் அளவுக்கு மடக்கவேண்டாம். 10 நாளாகியும் பாதத்தைத் தரையில் வைக்கவில்லை என்றால் உடனே காட்டுங்கள். ஊன்றிக்கொண்டிருந்த காலைத் திடீரென்று தூக்கிக்கொண்டாலோ, முழங்காலோரம் தோலுக்கடியில் புடைத்தாலோ கம்பி நழுவியிருக்கலாம். 4 வாரத்தில் எக்ஸ்-ரே; அதுவரை மாடிப்படி, வழவழ டைல்ஸ், குதியாட்டம் எதுவும் கூடாது. வீட்டிலிருக்கும் புரூஃபன் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்: இரைப்பை புண்ணாகும், சிறுநீரகம் கெடும்.

? 3 மாதக் குட்டி. எலும்பில்லாத கோழிக்கறியும் சோறும்தான் சாப்பாடு. சோபாவிலிருந்து இறங்கியதற்கே முன்னங்கால் மடங்கி உடைந்துவிட்டது. பிளேட் வைக்கலாமா?
- வாசகர், திண்டுக்கல்

முதலில் எக்ஸ்-ரேயில் மற்ற எலும்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாமே முட்டை ஓடு போல மெலிந்திருந்தால் இப்போது பிளேட் வேண்டாம், ஸ்குரூ பிடிக்காது. வெறும் கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. ரத்தத்தில் குறையும் கால்சியத்தை ஈடுகட்ட உடம்பு எலும்பைக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. குட்டிகளுக்கென்று உள்ள முழுமையான தீவனத்துக்கு இன்றே மாற்றுங்கள். மெத்தென்ற கூண்டில் ஒரு மாதமாவது அடைத்து வையுங்கள். அதற்கு மேல் கால்சியம் டானிக்கை நீங்களாக ஊற்றவேண்டாம். பெரிய இனக் குட்டிக்கு மிஞ்சினால் வேறு விதமாக எலும்பு வளையும்.