சந்தை வல்லாரையால் பிள்ளைக்குப் பூச்சி: வழக்குப் போடலாமா?

கேள்வி: இலங்கையில் ஹட்டன் பக்கத்தில் இருக்கிறோம். ஞாயிறு சந்தையில் வாங்கும் வல்லாரை, கரட்டைப் பச்சையாகச் சம்பல் போட்டுக் கொடுப்பேன். ஆறு வயது மகளுக்கு மலத்தோடு வட்டப்புழு விழுந்தது. அந்த வியாபாரி கழிவுநீர் கலக்கும் ஓடையில் மரக்கறி அலசுவதைப் பிறகுதான் கண்டேன். நட்டஈடு கேட்கலாமா?

பதில்: கேட்கலாம், ஆனால் வெல்வது கஷ்டம். வட்டப்புழு முட்டை வயிற்றுக்குள் போய், புழுவாக வளர்ந்து முட்டையிட இரண்டு மூன்று மாதமாகும். இப்போது விழுந்த புழு எந்த ஞாயிறு வாங்கிய எந்தக் கீரைக்கட்டிலிருந்து வந்தது என்று எப்படிக் காட்டுவீர்கள்? மண்ணில் விளையாடிய கை, லயத்து (தோட்ட வரிசை வீடுகளின்) பொது மலசலகூடம் என்று எதிர்த்தரப்பு வேறு வழிகளையும் அடுக்கும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட, விற்பனை நடந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் தவணை. புழு வெளியே வருமுன்பே அது கடந்துபோகலாம். மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம் உண்டு; அங்கும் புழு எதிலிருந்து வந்தது என்று காட்டுவதுதான் சிக்கல்.

அதனால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தைப் பிடியுங்கள். சுகாதாரக் கேடான நிலையில் உணவை விற்பனைக்குத் தயாரிப்பதும் வைத்திருப்பதும் அதில் குற்றம். யாருக்கும் நோய் வந்ததாக நிரூபிக்கத் தேவையில்லை. அழுக்கு ஓடையில் அலசி விற்பதும் இதில் அடங்கும் என வாதிடலாம்.

எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு முறைப்பாடு எழுதுங்கள்: ஓடையின் எந்த இடம், எந்த நாள், எத்தனை மணி, எந்தக் கடை. போனில் எடுத்த படத்தை வெட்டாமல் வையுங்கள். வீட்டிலிருக்கும் கீரையைச் சாட்சியாகக் கொண்டுபோகாதீர்கள். உங்கள் குசினியில் அழுக்கானது என்பார்கள். மாதிரியைப் பரிசோதகரே எடுக்கட்டும், அதுவும் அலசும் நேரத்தில் வந்து. பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. பதிலில்லையென்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பரிசோதனைப் பதிவுகளைக் கேளுங்கள். தருவதா இல்லையா என 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

வியாபாரியோடு நின்றுவிடாதீர்கள். சந்தையில் குழாய்த் தண்ணீர் இல்லாததால்தான் அவர் ஓடைக்குப் போகிறார் என்றால், சந்தையை நடத்தும் சபைக்கும் அதே கடிதத்தின் பிரதியை அனுப்பி, அலசுவதற்குக் குழாய் கேளுங்கள். அவரைப் பிடித்துத் தண்டம் கட்ட வைத்தாலும், அடுத்த ஞாயிறு வேறொருவர் அதே ஓடையில்தான் இறங்குவார்.

மகளுக்குப் பூச்சி மருந்து கொடுத்த திகதியையும் மலப் பரிசோதனை முடிவையும் கிளினிக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். உப்பிலோ வினாகிரியிலோ ஊறவைத்தாலும் வட்டப்புழு முட்டை சாகாது, அவித்தால்தான் சாகும். இப்போதைக்கு வல்லாரையை அவித்தே கொடுங்கள்.