ஈரம் ஏறிய இசைப்பெட்டிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மன்னார்குடிக்கு அருகே எங்கள் பூர்விக வீட்டில், பத்தாயத்துக்குப் பக்கத்தில், தாத்தா வாங்கிய வால்வு ரேடியோகிராம் (வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் சேர்ந்த பெட்டி) ஒன்று முப்பது ஆண்டுகளாகப் பேசாமல் நிற்கிறது. பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது அதைப் பாடவைக்க ஆசைப்படுகிறோம். பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா ஐயா?

பதில்: இப்போதைக்குச் செருக வேண்டாம். நெடுங்காலம் சும்மா இருந்த பெட்டிக்குப் பெரிய சேதம் நேர்வது, மீண்டும் மின்சாரம் பாய்கிற முதல் சில நிமிடங்களில்தான். மின்சாரத்தைச் சேமித்து வெளிவிடும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களுக்குள் அலுமினியத் தகட்டின்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. பயன்படுத்தாத காலத்தில் அந்தப் படலம் நலிந்துவிடும். உள்ளிருக்கும் திரவமும் உலரும். அந்த நிலையில் 250 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் ஏறினால் கண்டென்சர் சூடாகி வெடிக்கலாம். அதோடு ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் வால்வும், இன்று மாற்று கிடைப்பதற்கு அரிதான பவர் டிரான்ஸ்ஃபார்மரும் எரிந்துபோகலாம்.

முதலில் பின்பலகையைக் கழற்றி, எலி கடித்த கம்பிகளையும் கரையான் ஏறிய மரத்தையும் பாருங்கள். அடுத்து, உள்ளே பவர் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏசி, டிசி இரண்டிலும் இயங்குவதற்காக டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமலே செய்யப்பட்ட பெட்டிகள் அக்காலத்தில் பல வந்தன. அவற்றில் சேஸிஸ் என்னும் இரும்புச் சட்டமே வீட்டு மின்கம்பியோடு நேராக இணைந்திருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. வால்வுகளின் பெயர்கள் யுசிஎச், யுஎல், யுஒய் என்று ‘யு’வில் தொடங்கினால் அது அந்த வகை என்று அறியலாம். அப்படியானால் உங்கள் கையால் எதையும் செய்யாமல், வால்வு வேலை தெரிந்த பழைய மெக்கானிக் ஒருவரிடம் ஒப்படைப்பதே சரி.

டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பெட்டியானால், எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களை அதே மைக்ரோஃபாரட் அளவிலும், அதே வோல்ட் அல்லது அதற்கு மேற்பட்ட அளவிலும், 105 டிகிரி தாங்கும் வகையில் வாங்கி, முனை மாறாமல் மாற்றவேண்டும். அத்துடன் ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு ஒலியைக் கடத்தும், மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்களையும் கட்டாயம் மாற்றுங்கள். டெல்டாவின் ஈரக்காற்றில் அவை நீரை உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடுகின்றன. அந்தக் கசிவு ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் வால்வின் கிரிட்டில் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலையில்) ஏறினால் வால்வின் தகடு செவ்வெனப் பழுத்துவிடும். இவற்றுக்குப் பதிலாக 630 வோல்ட் பாலியெஸ்டர் கண்டென்சர்களைப் போடலாம். வால்வுகளை மட்டும் அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள். ஐம்பது வயதைக் கடந்த வால்வு நன்றாகப் பாடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது, 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக வைத்த சீரிஸ் போர்டு வழியாகவே கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து பிறகு மங்கினால் நல்லது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் என்று பொருள், உடனே நிறுத்திவிடுங்கள். நிறுத்திய பின்பும் கண்டென்சர்களில் உயிர்கொல்லும் அழுத்தம் தங்கியிருக்கும். சில கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளில் இணைத்து, அதன் வழியாக வடித்து, மல்டிமீட்டரில் பூஜ்யம் என்று கண்ட பிறகே கையை உள்ளே விடவேண்டும். பெட்டியில் 220, 240 என இரண்டு இணைப்புகள் இருந்தால் 240இல் வைப்பது வால்வுகளின் ஆயுளைக் காக்கும்.

இவ்வளவும் செய்தபின் வானொலி பேசுகிறது, இசைத்தட்டு மட்டும் ஊமை என்றால் வியப்படையாதீர்கள். ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் அக்கால பிக்கப்புகள் பலவற்றில் இருந்தது ரோஷெல் உப்பின் படிகம். அது நீரில் கரையும் பொருள். ஈரமும் வெப்பமும் சேர்ந்த நம் ஊரில் பல ஆண்டுகள் கிடந்தால் செத்துவிடும். அதைச் சரிசெய்ய வழியில்லை, அதே இடத்தில் பொருந்தும் செராமிக் கார்ட்ரிட்ஜைப் போடுங்கள். காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் வேண்டாம். அது கொடுப்பது சில மில்லிவோல்ட் மட்டுமே. அதைப் பெருக்கித் தரும் தனி ஃபோனோ பிரீஆம்ப் இல்லாமல் அந்தப் பெட்டியில் கேட்காது.

கேள்வி: அம்மாவின் பிறந்தகத்திலிருந்து பழைய நாகஸ்வர இசைத்தட்டுகள் ஒரு கட்டு வந்திருக்கிறது, எல்லாம் 78 சுற்று, பூஞ்சை பிடித்தவை. ஸ்பிரிட்டால் துடைத்து, என்னிடம் உள்ள ஸ்டீரியோ டர்ன்டேபிளில் போடலாமா? (கும்பகோணம் வாசகி)

பதில்: ஸ்பிரிட்டைக் கிட்டேயே கொண்டுவராதீர்கள். 78 சுற்றுத் தட்டுகள் அரக்கோடு கல்பொடி கலந்து செய்யப்பட்டவை, அரக்கு சாராயத்தில் கரையும். இளவயதில் இது தெரியாமல் ஒரு தட்டின் மேல்முகத்தை நானே கெடுத்திருக்கிறேன்; அந்த வருத்தம் இன்றும் போகவில்லை. காய்ச்சி வடித்த நீரில் மென்மையான சோப்பு இரண்டு துளி விட்டு, பழைய மல்துணியை நனைத்துப் பிழிந்து, வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, நடுவிலுள்ள காகிதம் நனையாமல், உடனே உலர்ந்த துணியால் ஒற்றி, நிழலில் ஆறவிடுங்கள். ஊறவைப்பதும் வெயிலில் வைப்பதும் கூடாது. பிறகு கிடையாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள்.

டர்ன்டேபிளில் 78 வேகம் இருந்தால் போடலாம், ஆனால் ஊசியை மாற்றவேண்டும். எல்.பி. தட்டுக்கான ஊசியின் முனை சுமார் 18 மைக்ரான். 78 தட்டின் வரிக்குத் தேவையானது சுமார் 75 மைக்ரான். சிறிய ஊசி வரியின் அடியில் உள்ள புழுதியில் உராய்ந்து இரைச்சலையே எடுத்துத் தரும். மோனோ பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். 78 தட்டில் ஒலி பக்கவாட்டு அசைவாகவே பதிந்திருப்பதால், இரு பக்கங்களையும் ஒன்றாக்கும்போது மேலும் கீழுமான அசைவால் வரும் கரகரப்பு பெருமளவு நீங்கிவிடும். மேலும், இன்றைய ஃபோனோ பிரீஆம்ப்கள் 1954இல் வகுக்கப்பட்ட ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற ஒலிச் சமன் முறைக்கு ஏற்றவை, அதற்கு முற்பட்ட தட்டுகளை அவற்றில் போட்டால் நாகஸ்வரம் போர்வை மூடியதுபோல் ஒலிக்கும். ட்ரெபிளைச் சற்று ஏற்றி, பேஸைச் சற்று இறக்கிக் கேளுங்கள். நாகஸ்வர மேதை திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது அதற்குப் பின்புதான்; ஆகவே அவர் காலத்துத் தட்டுகள் மோனோதான். உங்கள் கட்டில் அவருடைய தோடி இருக்குமானால், நான் சொன்ன ஊசியை வாங்கும்வரை அதைத் தயவுசெய்து சுழற்றாதீர்கள்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அண்ணன் கொண்டுவந்த பழைய டர்ன்டேபிளை 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறேன். பாட்டு இழுத்து இழுத்து வருகிறது. மோட்டார் பழுதா? (மயிலாடுதுறை வாசகர்)

பதில்: மோட்டாரில் பழுதில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், அலைவெண்ணை மாற்றாது. அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஏசி மோட்டாரின் வேகம் இதைப் பின்பற்றுவதால் 33⅓ சுற்று ஓடவேண்டிய தட்டு 28க்கும் குறைவாக ஓடுகிறது. ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டையில் பாடுவதுபோல் கேட்கும். மோட்டார் தண்டில் உள்ள புல்லியைக் கழற்றி, 50 ஹெர்ட்ஸுக்கான புல்லியைப் போடவேண்டும். அது கிடைக்காவிட்டால், பழைய புல்லியைப் போல் 1.2 மடங்கு விட்டத்தில் பித்தளையில் கடைந்து தரச் சொல்லி லேத் பட்டறையில் கேளுங்கள். வேகத்தைச் சரிபார்க்க 180 கோடுகள் கொண்ட ஸ்ட்ரோப் வட்டத்தைத் தட்டின்மேல் வைத்து, சோக் உள்ள பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் நகராமல் நின்றால் 33⅓ சரி. இன்றைய எல்.இ.டி. விளக்குகள் பலவற்றில் இது தெரியாது.

கேள்வி: நாகப்பட்டினத்தில் கடற்கரைக்குப் பக்கத்து வீடு. சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸ்டீரியோவில் ஒரு பக்கம் கேட்கவில்லை. ஸ்பீக்கர் ஓரத்து நுரையும் உதிர்கிறது. புது ஸ்பீக்கர் வாங்கிவிடட்டுமா?

பதில்: வாங்கவேண்டாம். முதலில் இரண்டு ஸ்பீக்கர் வயர்களையும் இடம் மாற்றுங்கள். ஊமைப் பக்கம் மாறினால் குறை ஆம்ப்ளிஃபயரில், மாறாவிட்டால் ஸ்பீக்கரில். ஆம்ப்ளிஃபயர் என்றால், உப்புக் காற்றில் கறுத்துப்போன பேலன்ஸ் குமிழ், செலக்டர் ஸ்விட்ச் இவற்றைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, கான்டாக்ட் கிளீனர் தெளித்து, முப்பது முறை திருகிவிட்டால் பெரும்பாலும் குரல் வந்துவிடும். ஸ்பீக்கரை மீண்டும் இணைப்பதற்கு முன் அவுட்புட் முனைகளில் டிசி அளவைப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் அச்சமில்லை, ஒரு வோல்ட்டைத் தாண்டினால் இணைக்கவே கூடாது.

பாலியூரிதேன் நுரை ஈரத்தில் சிதைவது இயல்பு. கூம்பும் காயிலும் (கம்பிச் சுருளும்) நன்றாக இருக்கும்போது நுரை வளையத்தை மட்டும் அதே அளவில் வாங்கி ஒட்டிக்கொள்ளலாம். பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்து, காயில் உரசாதபடி நடுவில் நிறுத்தி ஒட்டுங்கள். ஒட்டிய பின் 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்முனையில் ஒரு கணம் தொடுங்கள். இரண்டு கூம்புகளும் வெளியே நகரவேண்டும். ஒன்று உள்ளே போனால் வயர் தலைகீழ், தவில் ஒலியின் கனம் காணாமல் போகும்.

கடற்கரை வீட்டில் இந்த வளையம் உள்நாட்டில் உழைப்பதைவிடக் குறைந்த காலமே உழைக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாரம் இருமுறையாவது ஒரு மணி நேரம் பெட்டியை ஓடவிடுங்கள். அந்தச் சூடு உள்ளே ஈரம் தங்கவிடாது.