ஓவன் பக்கம் ஆடும் வால்

வாசகர் கேள்வி – பதில்

வீட்டில் கேக்கும் பன்னும் சுடுகிறவர்கள், கூடவே நாயும் வளர்க்கிறவர்கள் எழுதிய கடிதங்கள் இந்த முறை. பதில் அச்சாகி வரும்வரை காத்திருக்கக் கூடாத விஷயங்களும் இதில் உண்டு. உங்கள் நாய் இப்போதே தள்ளாடிக்கொண்டிருந்தால் பக்கத்தை மூடிவிட்டு டாக்டருக்கு போன் போடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

பிரவுனி ஆறட்டும் என்று மேஜையில் வைத்திருந்தோம். எங்கள் ஸ்பிட்ஸ் மூன்று துண்டைத் தின்றுவிட்டது. அதன் எடை 9 கிலோ. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, நடந்துகொண்டே இருந்தது, தண்ணீரும் குடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு முறை வாந்தி. மறுநாள் மாலை சரியாகிவிட்டது. பக்கத்து வீட்டு லாப்ரடார் ஒரு மில்க் சாக்லேட் பாரையே முழுசாகத் தின்றும் ஒன்றும் ஆகவில்லையே, ஏன்?
– வாசகி, திருச்சி

நாய்க்கு ஆகாதது சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின். கொஞ்சம் கஃபீனும் சேர்ந்துகொள்கிறது. நம் உடம்பு தியோபுரோமினை நாயைவிட வேகமாகக் கழித்துவிடும். நாயின் உடம்பில் பாதி கழியவே சுமார் 17 மணி நேரம் ஆகும். அதனால்தான் ராத்திரி முழுக்க நடை.

எந்த சாக்லேட், எத்தனை கிராம், நாயின் எடை என்ன. இந்த மூன்றும் தெரிந்தால் கணக்கு சுலபம். ஒரு கிராமில் உள்ள தியோபுரோமின் தோராயமாக, மில்க் சாக்லேட்டில் 2 மில்லிகிராம், டார்க் சாக்லேட்டில் 5, சர்க்கரை சேர்க்காத பேக்கிங் சாக்லேட்டில் 14, கோகோ பவுடரில் 20 முதல் 28 வரை. வெள்ளை சாக்லேட்டில் கிட்டத்தட்ட இல்லை. டார்க் காம்பவுண்ட் (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்த சாக்லேட் கட்டி) கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டார்க் சாக்லேட் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிரவுனியின் அளவுகள் கடிதத்தில் இல்லை. வீடுகளில் வழக்கமாகப் போடும் அளவை எடுத்துக்கொள்வோம்: 150 கிராம் டார்க் சாக்லேட், 30 கிராம் கோகோ, டிரேயில் 16 துண்டு. சாக்லேட்டிலிருந்து 750, கோகோவிலிருந்து (கிராமுக்கு 25 என்று வைத்து) இன்னொரு 750, ஆக 1,500 மில்லிகிராம். ஒரு துண்டுக்கு 94. மூன்று துண்டுக்கு 280 சொச்சம். ஒன்பதால் வகுத்தால் கிலோவுக்கு 31.

கிலோவுக்கு 20 மில்லிகிராமிலேயே வாந்தி, பேதி, தாகம், நிலைகொள்ளாமை தொடங்கிவிடும். 40, 50-ஐத் தொட்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-க்கு மேல் வலிப்பு. உங்கள் ஸ்பிட்ஸ் நடுவில் மாட்டிக்கொண்டு தப்பித்திருக்கிறது. இன்னும் இரண்டு துண்டு உள்ளே போயிருந்தால் கதை வேறு. பக்கத்து வீட்டு லாப்ரடாரின் எடை 30 கிலோ, பார் 40 கிராம் என்றால் கிலோவுக்கு 3 மில்லிகிராம்கூட வரவில்லை. அது அந்த நாயின் கெட்டித்தனம் இல்லை, வெறும் வகுத்தல் கணக்கு.

அடுத்த தடவை இரவு முழுக்க வேடிக்கை பார்க்க வேண்டாம். 20-ஐத் தாண்டுகிறது என்று தெரிந்த உடனே கிளம்புங்கள். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் போனால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்க முடியும். அறிகுறி தெரிய 6 முதல் 12 மணி நேரம்கூட ஆகலாம் என்பதால் 'நன்றாகத்தானே இருக்கிறது' என்று விட்டுவிடக் கூடாது. சாக்லேட் உறையையும் கோகோ டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். வீடு திரும்பிய பிறகு அடிக்கடி சிறுநீர் கழிக்கக் கூட்டிப் போங்கள்; மூத்திரப்பையில் தேங்கும் தியோபுரோமின் மறுபடி ரத்தத்தில் ஏறும்.

இப்படித் தின்றுவிட்டால் உப்புத் தண்ணீர் கரைத்து ஊற்றி வாந்தி எடுக்க வைக்கலாமா?
– வாசகர், ஈரோடு

வேண்டவே வேண்டாம். வாந்தி வராமல் போனால் அத்தனை உப்பும் ரத்தத்தில் சேரும். சோடியம் ஏறி மூளை பாதிக்கும், வலிப்பு வரும். சாக்லேட்டுக்குத் தப்பித்த நாய் உப்பில் போய்விடக்கூடும். தொண்டைக்குள் விரல் விடுவதும் வேண்டாம். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்க்கு வாந்தி எடுக்க வைப்பதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். வாந்தி நுரையீரலுக்குள் இறங்கிவிடும் ஆபத்து அவற்றுக்கு அதிகம்.

பன் செய்ய அரைக் கிலோ மைதாவில் யீஸ்ட் போட்டுப் பிசைந்து மூடி வைத்திருந்தேன். எங்கள் சிப்பிப்பாறை துணியைத் தள்ளிவிட்டுப் பாதி மாவைத் தின்றுவிட்டது. சப்பாத்தி மாவை எத்தனையோ தடவை திருடியிருக்கிறது, ஒன்றும் ஆனதில்லை. இந்த முறை டாக்டர் ஏன் அப்படிப் பதறினார்?
– வாசகி, மதுரை

சப்பாத்தி மாவு உள்ளே போன அளவிலேயே இருக்கும். யீஸ்ட் மாவு வளரும். யீஸ்ட்டுக்குப் பிடித்த சூடு 30 முதல் 38 டிகிரி வரை. நாயின் உடம்புச் சூடு 38-லிருந்து 39. ஈரம், இருட்டு, இளஞ்சூடு எல்லாம் கூடிய இடம் நாயின் வயிறு. நீங்கள் துணி போட்டு மூடி ஒரு மணி நேரம் காத்திருந்து மாவை உப்ப வைப்பதை அது இன்னும் வேகமாகச் செய்துவிடும். அரைக் கிலோ மைதாவில் பாதி என்றால், தண்ணீரும் வெண்ணெயும் சேர்ந்து 400 கிராமுக்குக் குறையாத உருண்டை. அது உள்ளே இரண்டு மடங்காக உப்புவதை நினைத்துப் பாருங்கள்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் மாதிரி மார்புக்கூடு ஆழமான நாய்களுக்கு இன்னொரு பயமும் உண்டு. உப்பிய வயிறு அப்படியே முறுக்கிக்கொள்ளலாம். முறுக்கினால் ஆபரேஷன்தான், அதுவும் சில மணி நேரத்துக்குள்.

இரண்டாவது தொல்லை சாராயம். யீஸ்ட் மாவுச்சத்தைத் தின்று வாயுவோடு ஆல்கஹாலையும் விடும். பன்னாக வேகும்போது அது ஆவியாகிவிடும். நாய்க்குள் நேராக ரத்தத்துக்குப் போகும். குடித்தவர் மாதிரி பின்னங்கால் பின்னும், கண் சொருகும், உடம்பு சில்லிடும். வயிறு விண்ணென்று இருந்து, ஓங்கரித்தும் ஒன்றும் வெளியே வராவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். போகும் வழியில் வெதுவெதுப்பான பாலோ தண்ணீரோ கொடுக்க வேண்டாம். டாக்டர் செய்வது நேர் எதிர்: சில்லென்ற தண்ணீரால் வயிற்றைக் கழுவி யீஸ்ட்டை மந்தப்படுத்துவார்.

மாவை வைக்கச் சரியான இடம், அணைத்த ஓவனுக்குள். கதவை மூடிவிட்டு, 'உள்ளே மாவு' என்று எழுதிய சீட்டைக் குமிழில் ஒட்டுங்கள். சீட்டு நாய்க்கு இல்லை. வேறு யாராவது ஓவனைச் சூடேற்றி உங்கள் பிளாஸ்டிக் பாத்திரத்தை உருக்காமல் இருக்கத்தான். மேடை வேண்டாம், பின்னங்காலில் நின்றால் சிப்பிப்பாறைக்கு எந்தச் சமையல் மேடையும் உயரமில்லை.

வெந்த பன்னில் யீஸ்ட் செத்துவிடும், ஒரு துண்டால் கெடுதல் இல்லை. பூண்டு, வெங்காயம், திராட்சை போட்ட பன் என்றால் அதுவும் கூடாது.

கிறிஸ்துமஸ் கேக்குக்கு ரம்மில் ஊறவைத்த பழங்களில் ஒரு பிடி கீழே கொட்டி நாய் நக்கிவிட்டது. திராட்சை விஷம் என்கிறார்கள். எத்தனை வரை பரவாயில்லை?
– வாசகி, நாகர்கோவில்

'இத்தனை வரை பரவாயில்லை' என்று சொல்லத்தக்க எண் கிடையாது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் ஓடியாடும், இன்னொன்றுக்கு நாலைந்திலேயே சிறுநீரகம் படுத்துவிடும். சாக்லேட் போல வகுத்துப் பார்க்க இங்கே வழியில்லை. தின்றது தெரிந்தால் டாக்டரிடம் போக வேண்டியதுதான். முதல் நாள் வாந்தி, சோர்வு. அடுத்த ஓரிரு நாளில் சிறுநீர் குறையும். ரத்தத்தில் கிரியாட்டினினை (சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் அளவு) ஒரு தடவை பார்த்தால் போதாது, மூன்று நாள் வரை திரும்பப் பார்க்க வேண்டும். ரம் வேறு சேர்ந்திருப்பதால் உங்கள் நாய்க்குக் கூடுதல் அவசரம். கேக்காக வெந்த பிறகும் திராட்சையின் கெடுதல் போகாது.

காரணம் திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்க கால்நடை நச்சியல் மருத்துவர்கள் எழுதினார்கள். கிரீம் ஆஃப் டார்டார் (பேக்கிங்கில் போடும் டார்டாரிக் அமில உப்பு) தின்ற நாய்களுக்கும் இதே மாதிரி சிறுநீரகம் கெட்டதைப் பார்த்துத்தான் அந்தச் சந்தேகம் வந்தது. நமக்கு இதில் ஒரு வீட்டுச் செய்தி இருக்கிறது. டார்டாரிக் அமிலம் மண்டிக்கிடப்பது புளியில். புளி தின்ற நாய்களிலும் அதே பாதிப்பு பதிவாகியிருக்கிறது. மிஞ்சிய புளியோதரையையும் புளிக் கரைசலையும் நாய்த் தட்டில் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை என்பதால் சுகர் ஃப்ரீ போட்டு கேக் செய்கிறேன். நாய்க்கும் சர்க்கரை இல்லாத கேக் நல்லதுதானே?
– வாசகர், கோவை

எந்த இனிப்பு என்று டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சுக்ரலோஸ், ஸ்டீவியா என்றால் பெரிய பயமில்லை. சைலிட்டால் அல்லது அதன் உணவுச் சேர்க்கை எண்ணான ஐ.என்.எஸ். 967 என்று இருந்தால் அந்த கேக் நாயின் கண்ணிலேயே படக் கூடாது. நாயின் கணையம் அதை குளுக்கோஸ் என்று நம்பி இன்சுலினைக் கொட்டும், ரத்தச் சர்க்கரை அரை மணி நேரத்திலேயே சரிந்துவிடலாம். கிலோவுக்கு 0.1 கிராம் போதும், 0.5 கிராமைத் தாண்டினால் கல்லீரலுக்கும் சேதம். 100 கிராம் சைலிட்டால் போட்ட கேக்கைப் பத்தாக வெட்டினால் துண்டுக்கு 10 கிராம். 10 கிலோ நாய் ஒரு துண்டு தின்றால் கல்லீரலைக் கெடுக்கும் அளவைப் போல இரண்டு மடங்கு. நாய் துவண்டால், போகும் வழியில் தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிக்கொண்டே போங்கள். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கும்போதும் இதே சோதனை.

கப் கேக்கைப் பேப்பரோடு விழுங்கிவிட்டது. அறுத்து எடுக்க வேண்டுமா?
– வாசகி, வேலூர்

மெல்லிய பேப்பர் ஒன்றிரண்டு என்றால் அநேகமாக மலத்தோடு வந்துவிடும். மூன்று நாள் மலத்தைக் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பிட மறுப்பு, மலம் நிற்பது என்றால் எக்ஸ்ரே. அலுமினியம் ஃபாயில், கேக்கைக் குத்திப் பார்த்த பல்குச்சி என்றால் காத்திருக்காமல் போங்கள். பேப்பரைவிட மேலே இருந்த வெண்ணெய் ஐசிங்தான் எங்களுக்குக் கவலை. ஒரேயடியாகக் கொழுப்பு போனால் ஓரிரு நாள் கழித்துக் கணையம் வீங்கலாம். முன்னங்காலை மடக்கி மார்பைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு நாய் நெடுநேரம் நின்றால் விளையாடக் கூப்பிடுகிறது என்று நினைக்காதீர்கள். வயிற்றுவலி.

கலவை தயாரான நேரம் பார்த்து நாய் வெளியே ஓடிவிட்டது. பிடித்துக் கொண்டுவர அரை மணி நேரம். தயிரும் சமையல் சோடாவும் போட்ட கேக், தட்டையாக வந்தது. பேக்கிங் பவுடர் என்றால் தப்பித்திருக்குமா?
– வாசகி, தாம்பரம்

ஓரளவு. தயிரும் சோடாவும் தொட்ட நொடியே வாயு கிளம்பிவிடும், அரை மணியில் பாதிக்கு மேல் காற்றோடு போயிற்று. டபுள் ஆக்டிங் பேக்கிங் பவுடர் ஓவன் சூட்டில் இன்னொரு முறை வேலை செய்யும், அதனால் 15, 20 நிமிடம் தாங்கும். முட்டை நுரைத்துச் செய்யும் ஸ்பாஞ்ச் எதற்கும் காத்திருக்காது. இனி வெளியே போக நேர்ந்தால் உலர்ந்த மாவையும் ஈரக் கலவையையும் தனித்தனியாக வைத்துவிட்டுப் போங்கள், வந்து கலக்கலாம். தட்டையானதை விரல் கனத்துக்கு வெட்டி 150 டிகிரியில் 25 நிமிடம் காய வைத்தால் கேக் ரஸ்க். அது வீட்டாருக்கு, ஓடிப்போனவருக்கு இல்லை.

மாவில் நாய் முடி. என்னதான் செய்வது?
– வாசகர், சேலம்

மின்விசிறியை அணையுங்கள். முக்கால்வாசி முடி அதோடு நிற்கும். மாவைச் சலித்த உடனே மூடுங்கள். ஏப்ரனைச் சமையலறைக்கு வெளியே மாட்டாதீர்கள். சுடும் நாளில் நாய்க்குச் சீப்பு போட வேண்டாம்.

நாய்க்கென்றே பிஸ்கட் செய்தேன். ராகி மாவில் செய்தது உதிர்ந்துபோயிற்று. அடுத்த தடவை நான்கே நாளில் பூசணம். சரியான அளவு சொல்லுங்கள்.
– வாசகி, சென்னை

ராகியில் குளூட்டன் இல்லை, பிடித்துவைக்க ஆளில்லாமல் உதிர்கிறது. 100 கிராம் ராகி மாவோடு 100 கிராம் கோதுமை மாவு, ஒரு முட்டை, வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணி 80 கிராம், தேங்காய் எண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி. உப்பு, சர்க்கரை, சோடா எதுவும் வேண்டாம். பூசணியைத் தண்ணீரில் போடாமல் ஆவியில் வேகவைத்து, துணியில் கட்டிப் பிழிந்த பிறகு எடை போடுங்கள். அந்தத் தண்ணீர்தான் மாவைப் பிசுபிசுக்க வைப்பதும் பிறகு பூசணம் பிடிக்க வைப்பதும். பூரி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து 20 நிமிடம் மூடி வையுங்கள், ராகி ஈரத்தை இழுக்கட்டும். அரை சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதல் கனத்தில் தேய்த்து மூன்றரை சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால் 40 வரும். 160 டிகிரியில் 30 நிமிடம், பிறகு ஓவனை அணைத்து, கதவில் மரக்கரண்டியைச் செருகி அப்படியே ஆறவிடுங்கள். உடைத்தால் சடக்கென்று முறிய வேண்டும். நடுவில் வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, 120 டிகிரியில் இன்னும் 20 நிமிடம்.

ஒரு பிஸ்கட் சுமார் 22 கலோரி. தின்பண்டம் நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதால் 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. சென்னைக் காற்றில் டப்பாவில் ஒரு வாரத்துக்கு மேல் நம்ப முடியாது. ஒரு வாரத்துக்கானதை வெளியே வைத்துக்கொண்டு மிச்சத்தை ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். நமத்ததை மறுபடி சுட்டுக் கொடுக்கலாம். புள்ளி வைத்ததை அந்த டப்பாவோடு கொட்டிவிடுங்கள், சுரண்டிவிட்டுக் கொடுக்க வேண்டாம்.