மூன்று ஆண்டுகள் ஆடுமாடுகளை நிறுத்திவிட்டால் மேய்ச்சல் காட்டில் புல் திரும்புமா?

மானாவாரி மேய்ச்சல் நிலத்தில் ஆண்டுக்காண்டு புல் குறைந்துவருவதாகவும், மூன்று ஆண்டுகளுக்கு ஆடுமாடுகளை அடியோடு நிறுத்திவிட்டால் நிலம் தேறுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தூர், அதாவது புல்லின் அடிக்கட்டு, இன்னும் உயிரோடு இருக்கும் நிலமானால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மழை பெய்த பின் வரும் சில வாரங்கள் மட்டும் தவறாமல் அடைத்துவைத்தால் பெரும்பாலும் போதும் என்பதே என் பதில். காங்கேயம் பக்கம் கொறங்காடு வைத்திருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவன் என்பதால், அந்த நிலத்தை வைத்தே இதை விளக்குகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில், ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. மழை பெறும் காங்கேயம், தாராபுரம், கரூர் வட்டாரங்களில், முள்கிளுவையை உயிர்வேலியாக நட்டுச் சில ஏக்கர் அளவில் பிரிக்கப்பட்டு, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் விடப்பட்டிருக்கும் தனியார் மேய்ச்சல் நிலமே கொறங்காடு. காங்கேயம் மாடு இந்தப் புல்லைத் தின்று வளர்ந்த இனம். வேலியால் பிரித்திருப்பதன் பயன், ஒரு காட்டில் கால்நடை மேயும்போது இன்னொன்றை அடைத்துவைக்க முடிகிறது என்பதுதான்.

கொழுக்கட்டைப் புல் பல ஆண்டுத் தாவரம். கோடையில் மேலே காய்ந்து சருகாகத் தெரிந்தாலும், ஒரு தூரைக் கையால் விலக்கிப் பார்த்தால், மண்ணை ஒட்டி, பழுப்பேறிய தாள்களுக்கு நடுவே கெட்டியான கணுக்கள் இருக்கும். அடுத்த மழைக்கான உணவு, குதிரில் வைத்த தானியம் போல அந்தத் தூரின் அடியிலும் வேரிலும் சேமிக்கப்பட்டிருக்கிறது. முதல் மழை விழுந்ததும் அந்தச் சேமிப்பைச் செலவழித்தே புல் தன் முதல் இலைகளை விடுகிறது. அந்த இலைகள் வெயிலில் நின்று உணவு தயாரித்துச் செலவை ஈடுகட்டுவதற்குள் மாடு கடித்துவிட்டால், மீதியிருப்பதையும் செலவழித்து மறுபடி துளிர்க்க வேண்டியதாகிறது. இது திரும்பத் திரும்ப நடந்தால் அந்தத் தூர் நலிந்து செத்துவிடலாம். இவ்வளவு கேடு, காய்ந்த புல்லைக் கோடையில் மேய்ப்பதால் வருவதில்லை.

1955இல் அமெரிக்க வேளாண் துறை வெளியிட்ட, கிரைடர் என்பவரின் ஆய்வு இதை வேரளவில் காட்டியது. இலைப்பரப்பில் பாதிவரை வெட்டியபோது வேர் வளர்ச்சி ஏறக்குறையத் தடைபடவில்லை. அதற்கு மேல் வெட்ட வெட்ட, வேர்கள் நாள்கணக்கில் வளராமல் நின்றன. மழை ஈரம் மண்ணில் தங்கும் நாட்கள் குறைவாக உள்ள நம் பகுதியில், வேர் நின்றுபோகும் ஒவ்வொரு நாளும் பெரும் இழப்பு.

ஆனால் கோடை முழுவதும் வற்றிக் கிடந்த கால்நடைக்குப் பச்சை கண்ணில் பட்டதும் படலைத் திறந்துவிடத்தான் எல்லாருக்கும் மனம் வரும். ஆகவே முடிவு உண்மையில் அதற்கு முந்தைய அறுவடையிலேயே எடுக்கப்பட வேண்டும். சோளத்தட்டுப் போர் வறட்சிக்கு மட்டும் என்று எண்ணிக் கோடையிலேயே தீர்த்துவிடாமல், மழைக்குப் பிந்தைய வாரங்களுக்கென ஒரு பங்கை ஒதுக்கிவையுங்கள். கோடை மழைக்குப் பிறகும் ஐப்பசி மழைக்குப் பிறகும் புல் நன்றாகத் தூர் கட்டிக் கதிர் தள்ளும் வரை மாட்டைக் கட்டுத்தறியில் வைத்துத் தட்டுப் போட முடிந்தவருக்கே காடு நிலைக்கிறது. மாட்டைக் கட்டிவைக்க இடமே இல்லையென்றால் ஒரு மூலையை மட்டும் மேய்ச்சலுக்கு விட்டுவிட்டு மீதியைக் காப்பாற்றுங்கள். ஆண்டுதோறும் அதே மூலையாக இருக்க வேண்டாம்.

எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அளவுக்கு மீறிய கால்நடையை எந்தச் சுழற்சி முறையும் தாங்காது. புல் முற்றியதும் நடுத்தரமான ஓரிடத்தில் ஒரு சதுர மீட்டர் புல்லை அறுத்து, நன்றாகக் காயவைத்து நிறுங்கள். ஓரிடத்தை நம்பாமல் பல இடங்களில் செய்து சராசரி எடுப்பது நல்லது. 100 கிராம் வருகிறது என்று வைத்துக்கொண்டால், ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ. அதில் பாதியை நிலத்துக்கு விட்டுவிட, மேய்ச்சலுக்கு 200 கிலோ மிஞ்சும். 300 கிலோ எடையுள்ள ஒரு பசு நாளொன்றுக்கு ஏழு எட்டுக் கிலோ உலர்தீவனம் தின்னும் என்பதால், அது ஏறத்தாழ 27 நாள் தீவனம்தான். இந்தக் கணக்கை மழை குறைந்த ஆண்டில் போட்டுப் பார்த்து மாடுகளின் எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

முதலில் மாடு, பிறகு செம்மறி என்ற வரிசை எங்கள் பக்கம் உண்டு. மாடு நாக்கால் சுழற்றி உயரமான புல்லை இழுக்கும். செம்மறி தரையை ஒட்டிக் கடிக்கும். செம்மறியை நீண்ட நாள் ஒரே காட்டில் நிறுத்துவது தூருக்கு ஆபத்து.

நீங்கள் நினைப்பது போல் மூன்று ஆண்டுகள் தொடாமல் விட்டால், பழைய தாள் மேலே மண்டிப் புதுத் துளிருக்கு வெயில் படாமல் போகும். அந்த இடைவெளியில் சீமைக்கருவேலமும் நுழைந்துவிடலாம். அதைக் கன்றாக இருக்கும்போதே, மண் ஈரமாக உள்ள நாளில் வேரோடு பிடுங்கிவிடுங்கள், மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். குஜராத்தின் கட்ச் பகுதியிலுள்ள பன்னி புல்வெளியில் 1960களில் உப்பு பரவுவதைத் தடுக்க அம்மரத்தை நட்டார்கள். இன்று அங்கே பெரும்பரப்பில் புல்லை ஒடுக்கிவிட்டு அம்மரமே நிற்கிறது. வெறும் தரையாகத் தெரிகிறதே என்று மேய்ச்சல் நிலத்தில் அடர்த்தியாக மரம் நடச் சொல்பவர்களின் பேச்சைத் தயவுசெய்து கேட்காதீர்கள். வெள்வேலம் இடைவெளி விட்டு நின்றால் போதும். அதன் மெல்லிய நிழலில் புல் வளரும், புல் காய்ந்த மாதங்களில் அதன் காய்கள் செம்மறிக்கு உணவாகும்.

தூரே இல்லாமல் வெறித்துப்போன பகுதிக்கு மட்டும் விதை தேவைப்படும். கொழுக்கட்டைப் புல்லின் புது விதை உடனே முளைக்காது. சில மாதங்கள் வைத்திருந்த விதையை ஈர மணலோடு கலந்து, மழைக்குச் சற்று முன் மேலாகக் கீறிய மண்ணில் தூவி, மிக லேசாக மூடுங்கள். ஆழப் புதைந்தால் வராது. முளைத்த ஆண்டில், கதிர் முற்றி விதை உதிரும் வரை அந்தப் பகுதிக்குள் ஒரு குட்டியைக்கூட விட வேண்டாம்.