வாசகர் கேள்வி: எண்ணுகிற நேரம்

? கட்சிச் சீட்டில் செனட்டுக்குப் போகும் புதுமுகங்கள் தேசியப் பிரச்சினைகளில் வாய் திறப்பதுண்டா?
– ஒரு வாசகி, தஞ்சாவூர்

! ஆஸ்திரேலியாவின் ஃபாத்திமா பேமனைச் சொல்லலாம். காபூலில் பிறந்தவர். 2022இல் தொழிற்கட்சி சார்பில் செனட்டரானபோது வயது 27. அந்நாட்டு நாடாளுமன்றத்தில் ஹிஜாப் அணிந்து அமர்ந்த முதல் உறுப்பினர்.

எனக்கென்னவோ, அவர் பேசியதைவிட நடந்ததுதான் பெரிய பேச்சு. 2024 ஜூன் 25. பாலஸ்தீனத்தை அங்கீகரிக்கக் கோரும் பசுமைக் கட்சித் தீர்மானம். அங்கே வாக்கெடுப்பு என்றால் மணி ஒலிக்கும், கதவுகளைப் பூட்டுவார்கள், ஆதரிப்பவர்கள் ஒருபக்கம், எதிர்ப்பவர்கள் மறுபக்கம் உட்கார, தலையை எண்ணுவார்கள். பேமனின் கட்சி தீர்மானத்தை எதிர்த்தது; அவரோ எழுந்து ஆதரிப்பவர்கள் பக்கம் போய்விட்டார்! ஒவ்வோர் அடியும் ஒரு மைலாகத் தோன்றியதாம். இருக்காதா? கட்சி முடிவை மீறி வாக்களிப்பது தொழிற்கட்சியில் மகா பாவம். தீர்மானம் தோற்றது. ஜூலையில் அவரே கட்சியைவிட்டு விலகினார்.

பதவி? அது போகவில்லை. நம்மூரில் கொறடா உத்தரவை மீறினால் 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், அதாவது அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை, பாயும்; பதவியே பறிபோகலாம். அங்கே அப்படியொரு சட்டம் இல்லை. 2028 ஜூன் வரை அவர் செனட்டர்தான்.