இலவச கேம் சர்வருக்கு வந்த வக்கீல் நோட்டீஸ்

கேள்வி: ஒரு அமெரிக்க நிறுவனம் தன் ஆன்லைன் கேமை மூடிவிட்டது. நண்பர்கள் நாலு பேர் மூன்று வருடம் உழைத்து, சொந்தமாகக் கோட் எழுதி எமுலேட்டர் சர்வர் (அசல் சர்வரைப் போலவே இயங்கும் மாற்று சர்வர்) நடத்துகிறோம். லாப நோக்கம் இல்லை. வாடகைக்காக டொனேஷன் வாங்குகிறோம். தருபவர்களுக்கு கேமில் ஒரு குதிரை கொடுப்போம். இப்போது நோட்டீஸ் வந்திருக்கிறது. அவர்களே கைவிட்ட கேமுக்கு என்ன உரிமை? போராடலாமா?

பதில்: உங்கள் உழைப்பும் அவர்களின் மனசாட்சியும் கோர்ட்டில் எடுபடாது. சர்வரை மூடினால் பதிப்புரிமை போய்விடாது. சொந்தக் கோட் என்பதும் பாதிக் காப்புதான். லாகினில் நிறுவனத்தின் சர்வர் செய்துவந்த சோதனையை உங்கள் சர்வர் தாண்டிவிடுகிறதா என்பதுதான் வழக்கே. பிளிஸார்ட் என்ற கேம் நிறுவனத்தின் சர்வருக்கு மாற்றாக பிஎன்இடிடி எமுலேட்டரை எழுதியவர்களும் இலவசமாகத்தான் கொடுத்தார்கள். வாங்கிய கேம் அசல்தானா என்று காட்டும் பிளிஸார்டின் சிடி கீயை அது சரிபார்க்கவில்லை. 2005இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். இப்படிச் சோதனையைத் தாண்டக் கூடாது என்ற அமெரிக்கச் சட்டத்துக்கு 2018இல் வந்த விலக்கைக் காட்டலாமே என்பீர்கள். அது நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும், அதுவும் அவற்றின் கட்டடத்துக்குள் மட்டும்.

எனக்குக் கவலை அந்தக் குதிரை. பொருள் கொடுத்து வாங்கும் பணத்தை நீங்கள் டொனேஷன் என்பீர்கள், எதிர்த்தரப்பு வக்கீல் விற்பனை என்பார். 2010இல் பிளிஸார்டின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கேமுக்கு அனுமதியில்லாமல் நடந்த ஒரு பிரைவேட் சர்வர் வழக்கில் நடத்தியவர் கோர்ட்டுக்கே வரவில்லை. வசூலான சுமார் 30 லட்சம் டாலரைத் திருப்பிக் கேட்டதோடு நிற்கவில்லை. உறுப்பினர் 4,27,393 பேர், தலைக்குக் குறைந்தபட்சத் தொகை 200 டாலர் என்று பெருக்கி, மொத்தம் 8.8 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பானது. ‘எங்களிடம் இத்தனை ஆயிரம் பேர்’ என்று முகப்பில் பெருமையாகப் போட்டிருக்கிறீர்களா? பெருக்க வேண்டிய எண்ணை நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

நோட்டீஸ் கிடைத்த ராத்திரியே பயத்தில் சர்வர் பதிவுகள், சாட் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுநாள் என்னிடம் வந்தவர்கள் உண்டு. அதுவரை அவர்கள் வழக்கு பரவாயில்லை ரகம். அழித்த பிறகு நான் பேச எதுவும் மிச்சமில்லை. சர்வரை வேறு பெயரில் நண்பரிடம் ஒப்படைப்பதும் அதே குழிதான்.

ஆகவே போராட வேண்டாம். இன்றே டொனேஷன் பக்கத்தை எடுங்கள், எதையும் அழிக்காதீர்கள், கெடு முடியுமுன் சமரசம் பேசுங்கள். உரிமம் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. 2012இல் மூடிய சிட்டி ஆஃப் ஹீரோஸுக்கு 2024இல் ரசிகர் சர்வர் ஒன்று அந்த கேமின் உரிமையாளரான என்சிசாஃப்டிடம் உரிமம் வாங்கியது. ஆனால் அதை நம்பி பதிலைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் பழைய கோரிக்கைகள் எல்லாம் கைவிடப்படுகின்றன என்ற வரி நாலு பேர் பெயருக்கும் இருக்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் அல்ல. உங்கள் கோட் பிற்காலத்தில் எங்கே தலைகாட்டினாலும் நீங்களே பொறுப்பு என்று ஒரு ஷரத்து பெரும்பாலும் வரும். அதை நீக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.