பிரெஞ்சுப் புரட்சியில் வரும் 'மூன்றாம் பிரிவு' என்பது யார்?

பழைய பிரான்ஸில் மக்களை மூன்றாகப் பிரித்திருந்தார்கள்: பாதிரிமார், பிரபுக்கள், மிச்சம் எல்லாரும். அந்த மிச்சம்தான் மூன்றாம் பிரிவு, நூற்றுக்கு 95 பேருக்கு மேல். வரிச்சுமையும் பெரும்பாலும் இவர்கள் தலையில்தான்.

கஜானா காலியானதும் மன்னர் 16ஆம் லூயி, 1614க்குப் பிறகு கூடாமலே கிடந்த பொதுச்சபையை, அதாவது மூன்று பிரிவுகளின் பிரதிநிதிகளும் கூடும் சபையை, 1789 மே மாதம் வெர்சாய் நகரில் கூட்டினார். சிக்கல் வாக்கில் வந்தது. ஆளுக்கு ஒன்றல்ல, பிரிவுக்கு ஒன்று என்பது பழைய வழக்கம். மேல் இரண்டும் சேர்ந்தால் கதை முடிந்தது. மாடிக்கு ஒரு வாக்கு வைத்த குடியிருப்பை நினைத்துப் பாருங்கள்: இரண்டு மாடிகளிலும் ஒவ்வொரு வீடு, கீழே நாற்பது வீடு, தண்ணீர் லாரிக்குக் காசு மட்டும் கீழ்வீட்டார் தர வேண்டும்! பொறுத்துப் பார்த்த மூன்றாம் பிரிவின் பிரதிநிதிகள், ஜூன் 17 அன்று தாங்களே தேசிய சபை என்று அறிவித்துவிட்டார்கள்.

மூன்றாம் பிரிவு என்றாலே ஏழைகள் என்று பலர் நினைக்கிறார்கள். பணக்கார வணிகர்களும் அதில்தான் இருந்தார்கள், சபைக்கு வந்த பிரதிநிதிகளில் வழக்கறிஞர்கள் ஏராளம்.